உஷார்! குளிக்கிற தலைக்கு மேலே 15 கிலோ

பாத்ரூம் சுவருக்கு டைல்ஸ் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதா? பரவாயில்லை. பெட்டிகள் வந்து வாசலில் இறங்கிவிட்டனவா? அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கலவைச் சட்டி மட்டும் பாத்ரூமுக்குள் போகக்கூடாது. அது போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் வருகிற பெரிய விட்ரிஃபைடு டைல்ஸை, தரைக்குப் போடுவது போலவே சிமெண்ட் பால் தடவிச் சுவரில் அப்பிவிட்டுப் போகிறார்கள். 600-க்கு 1200 மில்லிமீட்டர், கனம் 9 மில்லிமீட்டர் என்றால் ஒரு டைல்ஸ் ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். அது தரைமட்டத்தில் இல்லை. ஏழடி உயரம் வரை, சில வீடுகளில் கூரை வரை ஏறியிருக்கிறது. அதற்கு நேர் கீழே கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்குச் சோப்புப் போடுகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், திருத்தணி மலைக்கு வந்த சம்பந்தி வீட்டாராகவும் இருக்கலாம்.

முன்பு இந்த ஆபத்து இவ்வளவு இல்லை. இடுப்பு உயரத்துக்குச் சின்ன செராமிக் டைல்ஸ், அதற்கு மேலே சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த வெறும் சுவர். ஒரு டைல்ஸ் கழன்றாலும் காலடியில் விழுந்து உடையும், அவ்வளவுதான். இப்போது சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வரை போனால் டைல்ஸ் கடைகளைத் தாண்டிக்கொண்டேதான் போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஏ.சி., கையில் ஒரு ஜூஸ், எதிரே பெரிய டி.வி. உங்கள் பாத்ரூம் அளவைச் சொன்னால் பையன் இரண்டு நிமிஷத்தில் திரையில் கட்டிக் காட்டிவிடுவான். கீழே டார்க், மேலே லைட், நடுவில் படம் போட்ட ஹைலைட்டர், ஷவர் பக்கம் மினுமினுக்கும் கண்ணாடி மொசைக் பட்டை. 'அக்கா, இதப் போட்டீங்கன்னா ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கும்க்கா.' இருக்கும்தான். திரையில் எந்த டைல்ஸும் விழாது.

எதை வைத்து ஒட்டுவது என்ற பேச்சே அந்தக் கடையில் வராது. அது கொத்தனார் வேலை. கொத்தனாரைக் கேட்டால், டைல்ஸ் எடுத்தது நீங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் 15 கிலோ தொங்குகிறது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கடையில் ஒரு சாம்பிள் டைல்ஸைக் கேட்டு வாங்கிக் குப்புறத் திருப்புங்கள். அதன் முதுகில் ஒரு பாட்டில் மூடி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாருங்கள். சுவருக்கென்றே செய்த செராமிக் டைல்ஸ் என்றால் தண்ணீர் தேங்காது. உள்ளே இறங்கி ஈரத் தடம் மட்டும் மிஞ்சும். விட்ரிஃபைடு என்றால் தண்ணீர் அப்படியே முத்தாக நிற்கும், சாய்த்தால் ஓடும். டைல்ஸுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 15622 நீர் உறிஞ்சும் அளவை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு 0.5 சதவீதத்துக்குள் நின்றுவிடும்.

சிமெண்டின் பிடிப்பெல்லாம் அந்தக் குடிக்கிற குணத்தில்தான் இருக்கிறது. சிமெண்ட் கரைந்த தண்ணீர் டைல்ஸின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகுகிறது. அதனால்தான் பழைய கொத்தனார்கள் செராமிக் டைல்ஸை முந்தின நாளே டிரம்மில் ஊறப்போடுவார்கள். காய்ந்த டைல்ஸ் கலவைத் தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சிவிட்டால் சிமெண்ட் இறுகாமல் பொடியாகிவிடும். விட்ரிஃபைடில் துளையே இல்லை. அதை ஒரு வாரம் ஊறவைத்தாலும் ஒன்றுதான். சிமெண்ட் ஒரு தட்டாக இறுகும், டைல்ஸ் இன்னொரு தட்டாக நிற்கும், இரண்டுக்கும் நடுவே உறவு கிடையாது. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போதும்.

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் திண்ணைச் சுவரிலும் நடையிலும் பூப்போட்ட ஜப்பான் டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் வந்தவை, இன்னும் பல வீடுகளில் அசையாமல் இருக்கின்றன. கை அகலச் சதுரம், நன்றாகத் தண்ணீர் குடிக்கிற மண் உடம்பு, அவசரமில்லாத வேலை. அவற்றைக் காட்டி 'அந்தக் காலத்துல என்ன கெமிக்கலா போட்டாங்க?' என்று உங்கள் மேஸ்திரி கேட்டால் அவர் கேள்வி நியாயம்தான், ஆனால் அவர் கையில் இருப்பது அந்த டைல்ஸ் இல்லை. 'முப்பது வருஷமா இப்படித்தான் ஒட்டுறேன் சார், ஒண்ணு விழுந்ததில்ல' என்பதும் பொய்யாக இருக்காது. முப்பது வருஷமாக அவர் ஒட்டியதில் பெரும்பகுதி செராமிக்.

அப்படியென்றால் என்ன செய்வது? விட்ரிஃபைடையோ கண்ணாடி மொசைக்கையோ சுவரில் ஏற்றுவதாக இருந்தால் டைல்ஸ் அட்ஹெசிவ் என்கிற ஒட்டுப்பசை இல்லாமல் ஏற்றாதீர்கள். இதில் பேரமே கூடாது. அட்ஹெசிவுக்கும் இந்தியத் தர விதி உண்டு: ஐ.எஸ். 15477. வகை 1, வகை 2 என்று மேலே போகப் போகப் பிடிப்பு கூடும். வகை 1 சாதாரண செராமிக்குக்கு. விட்ரிஃபைடு சுவருக்கு வகை 2-க்குக் கீழே இறங்காதீர்கள். பெரிய அளவு என்றால் பையின் மேல் எந்த டைல்ஸுக்கு, எந்தச் சுவருக்கு என்று போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். 5-க்கு 8 அடி பாத்ரூமில் ஏழடி உயரத்துக்குக் கதவைக் கழித்தால் சுமார் 165 சதுர அடி சுவர். 20 கிலோ பை ஒன்று சுமார் 50 சதுர அடிக்கு வரும். நாலு பை. டைல்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனாலும் பட்ஜெட் கையைக் கடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

பை வாங்கிக் கொடுத்துவிட்டோம், முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அந்தப் பையைப் பிரித்துச் சிமெண்டோடு கலந்து பாலாக்கிவிடுகிற கைகள் இருக்கின்றன. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டைல்ஸின் முதுகில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்கும். சூளையில் உருளையில் ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தடவியது. அதைத் துடைக்காமல் ஒட்டினால் அட்ஹெசிவ் அந்த மாவைத்தான் பிடிக்கும், டைல்ஸைப் பிடிக்காது. ஈரத் துணியால் ஒரு இழுப்பு, காய விடுதல், பிறகுதான் ஒட்டுதல். அடுத்து, நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்துச் சுவரில் அழுத்துவார்கள். வேகமான வேலை. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் சேரும், ஆணியடித்தால் உடையும், தட்டினால் 'டொக்' என்று கேட்கும். சரியான வேலை என்றால் பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்கச் சீப்பு வாரியதுபோல் கோடு இழுப்பார்கள். பெரிய டைல்ஸ் என்றால் அதன் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு பூசுவார்கள். சந்தேகம் என்றால் ஒட்டிய உடனே ஒன்றைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். முதுகு முழுக்கக் கலவை ஒட்டியிருக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. அக்னி நட்சத்திரம் வந்தால் வானிலைச் செய்தியில் திருத்தணி பேர் வாசிக்கப்படாத நாள் குறைவு. சுவரில் தடவிய அட்ஹெசிவ் சுமார் 20 நிமிஷம் ஈரப்பசையோடு இருக்கும் என்பது சாதாரண வெயில் கணக்கு. மேற்குப் பார்த்த சுவரில் மே மாத மத்தியானம் அதில் பாதிகூடத் தாங்காது. மேலே தோல் கட்டிவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்டாது. அதன்மேல் டைல்ஸை அழுத்தினால் அது சும்மா உட்காரும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று டைல்ஸுக்கு மட்டும் தடவச் சொல்லுங்கள், சுவரை லேசாக ஈரத் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள், முடிந்தால் அந்தச் சுவரைக் காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு இன்னொரு பங்கும் உண்டு. சூட்டில் டைல்ஸ் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். 'ஜாயிண்டே தெரியாது சார்' என்று டைல்ஸை ஒன்றோடொன்று முட்டவிட்டு ஒட்டினால் விரிவதற்கு இடம் ஏது? 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் சில நாள் தொடர்ந்து குளிர்ந்ததும் அரசு அடுக்குமாடி வீடுகளில் தரை டைல்ஸ் சத்தத்தோடு கூடாரம் மாதிரி எழும்பி உடைந்தன; வீட்டு வசதி வாரியத்துக்குப் புகார் குவிந்தது. சட்டதிட்டமும் ஆய்வாளரும் உள்ள ஊரிலேயே அந்த நிலைமை. 2 மில்லிமீட்டர் ஸ்பேசராவது வைக்காமல் ஒட்ட விடாதீர்கள். இரண்டு சுவர் சேரும் உள்மூலையில் சிமெண்டை அடைக்காமல் சிலிகான் விடச் சொல்லுங்கள்.

சரி, மொசைக்குக்கு வருவோம். இதில் ஆபத்து தலைக்கு மேலே இல்லை, மூக்குக்குள் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

கண்ணாடி மொசைக் என்பது 20 மில்லிமீட்டர் சதுரச் சில்லுகள், ஓரடிக்கு ஓரடி தாளாக வரும். சில்லுக்குச் சில்லு 2 மில்லிமீட்டர் இடைவெளி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தப் பரப்பில் கிட்டத்தட்ட 17 சதவீதம் கண்ணாடியே இல்லை, வெறும் கிரவுட், அதாவது இடைவெளியை அடைக்கிற கலவை. அதே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 300-க்கு 600 டைல்ஸ் ஒட்டினால் கிரவுட் 1 சதவீதம்தான். அதாவது மொசைக் பட்டை வாங்குகிறவர் உண்மையில் கிரவுட்டைத்தான் வாங்குகிறார். அந்தக் கிரவுட்டை வெள்ளை சிமெண்டில் அடைத்தால் அது ஸ்பாஞ்ச் மாதிரி குடிக்கும். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் திருத்தணி வீடுகளில் சொந்தபந்தம் எத்தனை தலை வந்து இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே காலையில் அத்தனை பேரும் குளிப்பார்கள். மஞ்சள், மொட்டைக்குப் பூசிய சந்தனம், குங்குமம், சீயக்காய், எண்ணெய் எல்லாம் அந்த 17 சதவீதத்தில் போய்ப் படியும். போர் தண்ணீர் வருகிற வீடென்றால் அதன்மேல் உப்பும் வெள்ளையாகப் பூக்கும்.

பூத்த உப்பைப் போக்க அடுத்து என்ன செய்வோம்? ஆசிட் வாங்கி வருவோம். ஆசிட் உப்பை மட்டும் தின்னாது, சிமெண்ட் கிரவுட்டையும் சேர்த்துத் தின்னும். மார்பிள் சில்லு மொசைக் என்றால் கல்லையே பொரித்துவிடும். தங்க நிறம், வெள்ளி நிறம் பூசிய சில்லுகள் கறுத்துவிடும். அதெல்லாம் பண நஷ்டம். உயிருக்கு வருகிற ஆபத்து இதற்குப் பிறகுதான். ஆசிட் ஊற்றியும் மஞ்சள் கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். தயவுசெய்து, தயவுசெய்து வேண்டாம். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குள் விட்ட அதே வாயு. ஜன்னல் சிறிதான பாத்ரூமில் குனிந்து தேய்க்கிற அம்மாவுக்கோ வேலைக்கு வருகிற அக்காவுக்கோ மூச்சடைத்துவிடும். டாய்லெட் கழுவுகிற பாட்டில் திரவங்கள் பலவற்றிலும் ஆசிட்தான் இருக்கிறது. ஒன்றைப் போட்டுக் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கண் எரிச்சலோ இருமலோ வந்தால் உடனே வெளியே வாருங்கள், கதவைத் திறந்துபோடுங்கள், மூச்சுவிடச் சிரமம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மொசைக்கே வேண்டாம் என்கிறேனா? இல்லை. எனக்குப் பிடிக்கும். அளவாக ஒரு பட்டை, சரியான இடத்தில் இருந்தால் சுவருக்கு ஒரு களை வரும். இடம்தான் முக்கியம். ஷவர் தண்ணீர் நேராக அடிக்கிற சுவரில் போடாதீர்கள். வாஷ்பேசினுக்குப் பின்னால், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும், அல்லது கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற, தண்ணீர் படாத சுவரில் போடுங்கள். கிரவுட் எபாக்ஸியாக இருக்கட்டும். அது தண்ணீரும் குடிக்காது, மஞ்சளும் ஏறாது. விலை அதிகம், அதுவும் மொசைக்குக்கு எபாக்ஸி கிலோக் கணக்கில் தின்னும் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அடைத்த கையோடு துடைக்காவிட்டால் சில்லுகளின் மேல் புகை படர்ந்ததுபோல் ஒரு படலம் இறுகிவிடும், பிறகு அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. இந்த வேலை தெரிந்த ஆளைப் பிடியுங்கள். 'நானே போட்டுடறேன்' என்கிற ஆளிடம் முன்பு எங்கே போட்டிருக்கிறார் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள்.

கண்ணாடிச் சில்லுக்குப் பின்னால் என்ன நிறம் பூசுகிறீர்களோ அது முன்னால் தெரியும். சாம்பல் நிற அட்ஹெசிவில் ஒட்டினால் கடல் நீலம் சாக்கடை நீலமாகிவிடும். வெள்ளை அட்ஹெசிவ் என்று கேட்டு வாங்குங்கள், கரண்டிக் கோடுகளைத் தட்டையாக நீவிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோடும் தெரியும். மலிவான தாள்களில் பின்னால் வலையை ஒட்டியிருக்கிற பசை தண்ணீரில் கரைகிற ரகமாக இருக்கும். ஒரு சின்னத் துண்டை வெட்டி வாங்கி வந்து ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் சில்லுகள் வாளி அடியில் கிடந்தால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லு 4 மில்லிமீட்டர், பக்கத்து டைல்ஸ் 8 அல்லது 9. அப்படியே ஒட்டினால் பட்டை உள்ளடங்கிப்போய், கீழ் டைல்ஸின் மேல்விளிம்பு ஒரு சின்னத் திண்ணையாக நிற்கும். சோப்புத் தண்ணீர் அதில்தான் குடியிருக்கும். பட்டை வருகிற இடத்தில் மட்டும் சுவரை அந்தக் கனத்துக்கு முதலில் உயர்த்திவிட்டு ஒட்ட வேண்டும். பட்டையின் அகலத்தையும் சில்லுக் கணக்கில் சொல்லுங்கள்: நாலு வரிசை என்றால் 86 மில்லிமீட்டர், நாலு அங்குலம் அல்ல. 'நாலு இஞ்ச் பட்டை' என்று சொல்லிவிட்டால் கட்டர் எடுத்து ஐந்தாவது வரிசையைப் பாதியில் நறுக்குவார்கள். நறுக்கிய கண்ணாடி விளிம்பு கையைக் கிழிக்கும்.

இதே அங்குலக் குழப்பம் முழுச் சுவரின் லேஅவுட்டையும் கெடுக்கும். கடையில் '12-க்கு 18', '12-க்கு 24' என்று சொல்வது பழக்கத்துக்காக. டைல்ஸ் 300 மில்லிமீட்டர்தான், 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். படுக்கை வாட்டில் ஏழு வரிசை ஒட்டினால் ஏழடி வரும் என்று திரையில் காட்டுவார்கள். ஏழு டைல்ஸும் ஆறு ஜாயிண்ட்டும் சேர்த்தால் 2112 மில்லிமீட்டர்; ஏழடி என்பது 2133-க்கு மேலே. கதவு நிலையின் தலைமட்டத்துக்கு முக்கால் அங்குலம் சொச்சம் பள்ளம் விழும். அந்தச் சந்துக்குள் ஈர்க்குச்சி மாதிரி ஒரு துண்டை வெட்டிச் சொருகுவார்கள். வாசலில் நிற்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடம் அது. டைல்ஸ் எடுக்கும் முன்பே சுவர் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, தரையின் வாட்டத்தையும் சேர்த்து ஒரு தாளில் வரிசை வரிசையாக வரைந்துவிடுங்கள். கதவு பக்கத்திலிருந்து, தண்ணீர் வெளியேறுகிற நஹானி ட்ராப் பக்கம் தரை இறங்கும், அதனால் அடி வரிசை எப்படியும் சாய்வாகத்தான் வெட்டுப்படும். நல்ல ஆள் அடி வரிசையை விட்டுவிட்டு, ரசமட்டம் பிடித்து ஒரு அலுமினியச் சட்டத்தைச் சுவரில் அடித்து, அதன்மேல் இரண்டாவது வரிசையிலிருந்து ஏற்றுவார். அடி வரிசையை எல்லாம் முடிந்தபின் வெட்டிப் பொருத்துவார். துண்டுகள் மூலையில் ஒரு பக்கம் மட்டும் சேராமல் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். அரை டைல்ஸுக்கும் சின்னத் துண்டு வந்தால் தொடக்கத்தை நகர்த்துங்கள்.

செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றி ஒட்டுகிற டிசைனும் இப்போது ஓடுகிறது. நீள டைல்ஸில் நடுப்பகுதி லேசாக வளைந்திருக்கும், சூளையில் அப்படித்தான் வரும். ஒன்றின் நடு மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றின் நுனி வந்தால் விளிம்பு தூக்கித் தெரியும், சாயங்கால வெளிச்சத்தில் சுவர் முழுக்க நிழல் பல்லாக விழும். ஒன்றரை அடிக்கும் நீளமான டைல்ஸுக்குப் பாதிக்குப் பாதி மாற்றாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நகர்த்துவது பாதுகாப்பு. குறுக்குச் சாய்வாக, வைர வடிவில் ஒட்டினால் சேதாரம் 15 சதவீதம் வரை போகும். நேர் ஒட்டுக்கு 10 போதும்.

ஹைலைட்டரைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டால்ஃபின், அருவி, கூழாங்கல், தாமரை. இப்போது தோகை விரித்த மயில். முருகன் ஊராயிற்றே என்று மயிலைக் காட்டினால் நம் ஆட்கள் தட்டமாட்டார்கள் என்று கடைக்காரருக்குக் கணக்கு. இந்த மலையில் சுவாமிக்கு எதிரே நிற்பது ஐராவதம் என்பது அவருக்கு யார் சொல்வது! எந்தப் படமானாலும் மூன்று வருஷத்தில் அலுத்துவிடும், உடைந்தால் அதே படம் கிடைக்காது. நம் நாட்டு டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது; அங்கே டிஜிட்டல் பிரிண்டிங்கில் டிசைன் மாறிக்கொண்டே இருக்கும். போன தீபாவளிக்கு வந்த டிசைனை இந்தத் தீபாவளிக்குக் கேட்டால் கடையில் சிரிப்பார்கள். எது எடுத்தாலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரண்மேல் போட்டுவையுங்கள். பைப் கசிந்து சுவரைக் கொத்த வேண்டிய நாள் வரும்.

கடை டி.வி. திரையில் ஜன்னல் இருக்காது. மொசைக் சுவர் முழுசாக வரவேண்டும் என்பதற்காக வென்டிலேட்டரை அடைத்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, மயக்கம் வருவதே தெரியாது. குளிக்கப் போனவர் திரும்பி வராத செய்திகள் வருஷா வருஷம் பேப்பரில் வருகின்றன. வென்டிலேட்டரை விட்டுவிட்டு அதைச் சுற்றி டிசைனை வரையுங்கள்.

சுவரில் ஏற்றிய அதே பளபள டைல்ஸைத் தரையிலும் இறக்கி 'ஒரே லுக்' என்பதும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் அது பாட்டி தாத்தாவின் இடுப்பெலும்புக்கு உலை வைக்கிற வேலை. தரைக்குச் சொரசொரப்பான மேட் ரகம், சின்ன அளவு. கையால் தடவிப் பார்த்து எடுக்காதீர்கள். சாம்பிளை ஈரமாக்கிச் சோப்பு தடவி வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள்.

ஆந்திரா பார்டர் விஷயம் ஒன்று. 'நகரியில வாங்கினா டாக்ஸ் கம்மி' என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாறித் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது முதல் இரண்டு பக்க விலையையும் ஒப்பிடுவது நமக்குப் பழக்கம். ஆனால் ஜி.எஸ்.டி. 2017-இல் வந்துவிட்டது. டைல்ஸுக்கு 18 சதவீதம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. அங்கே வரி குறைகிறது என்றால் பில் போடவில்லை என்று அர்த்தம். பில் இல்லாமல் வாங்கினால் ஷேடு மாறினாலும் விளிம்பு வளைந்தாலும் யாரிடம் போய் நிற்பீர்கள்? பெட்டி இறங்கும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் பேட்ச் எண், ஷேடு எண், தரம் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மேல் வரிசைப் பெட்டிகள் பிரீமியமும் அடியில் ஸ்டாண்டர்டும் வந்து சேரும். பில்லில் அந்த எண்களை எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

டைல்ஸ் அறுக்கிற பையனையும் கொஞ்சம் கவனியுங்கள். மூடிய பாத்ரூமுக்குள் உட்கார்ந்து தண்ணீர் விடாமல் கட்டர் ஓட்டினால் பறக்கிற வெள்ளைப் புகை சிலிகா தூசி. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப எடுக்க மருந்து கிடையாது. மொட்டைமாடியில் வைத்து, தண்ணீர் சொட்டவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். முகத்தில் கட்டிய துண்டு போதாது, நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிக் குடிவந்தாகிவிட்டது என்பவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்த் தோளுக்கு மேலே உள்ள ஒவ்வொரு டைல்ஸையும் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். இறுகியிருந்தால் 'டிக்' என்று ஒலி வரும். பொள்ளலாக இருந்தால் 'டொக்'. ஒரு மூலையில் மட்டும் டொக் என்றால் பென்சிலால் குறியிட்டு வைத்து மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள், பரவுகிறதா என்று. முழு டைல்ஸும் டொக் என்றாலோ, விளிம்பு லேசாக முன்னால் தள்ளி நின்றாலோ, கிரவுட்டில் மயிரிழை விரிசல் நீளமாக ஓடியிருந்தாலோ அதன் கீழே யாரையும் குளிக்க விடாதீர்கள். சுற்றியுள்ள கிரவுட்டை அறுத்துவிட்டு மேலிருந்து கீழாக அந்த டைல்ஸை இறக்கச் சொல்லுங்கள், கீழே ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க. கீசர் மாட்டியிருக்கிற சுவரை முதலில் தட்டுங்கள். 25 லிட்டர் கீசர் தண்ணீரோடு சுமார் 35 கிலோ வரும். அதன் போல்ட் டைல்ஸைத் தாண்டி செங்கல் சுவருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா, வெறும் டைல்ஸிலும் பூச்சிலும் தொங்குகிறதா என்பதை மாட்டிய ஆளையே கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அன்றே கரண்ட்டை அணைத்து, தண்ணீரை வடித்து, கீசரை இறக்கிவிடுங்கள்.